காசு கொடுத்துக் காம்புக்கு

எம்மன்புரூக்கேயில் எங்கள் வீட்டுக் குசினி மேசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்து, கோடை விடுமுறைக்குக் காம்பிங் போக இடம் தேடிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் அம்மா புட்டுக்கு மாக் குழைத்துக்கொண்டிருந்தார். மாக் கையோடு திரையை எட்டிப் பார்த்தார்.

"இதென்ன பிள்ளை?"

"காம்பிங் இடமம்மா. அண்ணா எல்லாரும் போவமெண்டு சொன்னவரெல்லே."

"காசு குடுத்துக் காம்புக்குப் போறதோ? நாங்கள் சும்மாவே இருந்திட்டு வந்தனாங்கள்."

சோபாவிலிருந்து அப்பா சிரித்தார். "அதோட மூண்டு நேரச் சாப்பாடும் தந்தவங்கள். இஞ்ச அதுவும் நாங்கள்தான் கொண்டு போக வேணுமாம்."

எங்கள் வீட்டில் காம்ப் என்ற சொல்லுக்கு ஒரே ஒரு பொருள்தான். கைக்குழந்தையாக இருந்த அண்ணாவோடு அம்மாவும் அப்பாவும் இந்த நாட்டுக்கு வந்து அசூல் என்னும் அகதித் தஞ்சம் கேட்டபோது, அவர்களைத் தங்கவைத்த இடம் அது. துணித்திரையால் பிரித்த அறைகள், எல்லாருக்கும் பொதுவான குசினி. வெளியே போவதென்றால் வாசலில் சொல்லி, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போக வேண்டும், சொன்ன நேரத்துக்குத் திரும்பி வர வேண்டும். நான் அதற்குப் பல வருடங்களின் பின்னர் பிறந்தவள். எனக்குக் காம்ப் என்றால் பள்ளிக்கூடத்தோடு போய், நெருப்பு மூட்டி, சேர்வெலா சொசேஜ் சுட்டுத் தின்ற இடம்.

ஓர்லிகோனில் இருக்கும் அண்ணா ஒரு வோன்மோபிலை வாடகைக்குப் பேசி வைத்திருந்தார். கட்டில், அடுப்பு, கழிவறை எல்லாம் உள்ளேயே இருக்கும் வண்டி. அவரும் அண்ணியும் இரண்டு பிள்ளைகளும் அதில் படுப்பார்கள். அப்பாவின் முழங்காலுக்குக் கூடாரம் சரிவராது, நிலத்தில் படுத்தால் எழும்ப முடியாது. அதனால் எங்கள் மூவருக்கும் யூர்ட். மொங்கோலியர்களின் வட்டமான கம்பளி வீடு அது, உள்ளே கட்டில்கள் இருக்கும். இடத்தைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என்னுடையது. "நீதான் எல்லாத்துக்கும் அட்டவணை போடுறவள்," என்றார் அண்ணா.

உண்மைதான். கட்டடங்களுக்குக் காற்றோட்டமும் சூடாக்கலும் வரைவது என் தொழில். அட்டவணை போடாமல் எனக்குச் சப்பாத்துக்கூட வாங்க வராது. வண்டி நிற்கச் சமதரை, மின்சார இணைப்பு, கழிவறைத் தூரம், பிள்ளைகள் விளையாடத் தண்ணீர், வீட்டிலிருந்து போகும் நேரம் என்று பார்த்துப் பார்த்து நிரப்பினேன். ஒரு ஏரிக்கரை எல்லாவற்றிலும் முதலாவதாக வந்தது.

ஆனால் அம்மா வருவதாக இல்லை. கலியாணவீடு, செத்தவீடு, கோயில் திருவிழா இவற்றுக்கல்லாமல் அம்மா எங்கேயும் போய்த் தங்கியதில்லை. போன இடங்களிலும் குசினிக்குள்தான் நின்றிருப்பார். ஒருமுறையாவது, செய்ய ஒன்றுமில்லாத ஓரிடத்தில் அவரை இருத்த வேண்டும் என்பதுதான் எனக்கு இந்தப் பயணமே.

"ஏன் வரமாட்டீங்கள் எண்டு சொல்லுங்கோவன்," என்று ஒருநாள் நேரடியாகக் கேட்டேன்.

அம்மா யோசித்தார். "கதவு இருக்கோ?"

"ஓம், மரக் கதவு."

"உள்ளால பூட்டலாமோ?"

எனக்குத் தெரியவில்லை. என் அட்டவணையில் அப்படி ஒரு நிரலே இல்லை.

அடுத்த நாள் வேலை இடைவேளையில் ஒவ்வொரு இடத்துக்கும் தொலைபேசி எடுத்தேன். ஏரிக்கரைக்காரர் சிரித்தார். அங்கே கதவுக்குக் கொக்கிதானாம், இங்கே ஒருவரும் திருட மாட்டார்கள் என்றார். கடைசியாக, மலையடியில் ஆற்றங்கரையில் இருந்த சிறிய இடம் ஒன்று. தொலைபேசியை எடுத்த பெண் சிரிக்கவில்லை. "பொறுங்கள், போய்ப் பார்த்து வருகிறேன்," என்றார். மூச்சு வாங்கத் திரும்பி வந்து, உள்ளிருந்தும் திறப்பைப் போட்டுத் திருகிப் பூட்டலாம், தானே பூட்டிப் பார்த்ததாகச் சொன்னார்.

"ஏரி இல்லையோ? கதவுக்காக ஏரியை விட்டனியோ? விசரடி உனக்கு," என்றார் அண்ணா. காரணத்தைச் சொன்னதும் அடங்கிவிட்டார். "சரி. பிள்ளையள் ஆத்தில கல்லெறியட்டும்."

அம்மா ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார். "ஒரு இரவு இருந்து பாப்பன். சரிவராட்டி விடியவே ரெயினில வந்திடுவன். ஒருத்தரும் மறிக்கக் கூடாது." பக்கத்துக் கிராமத்து ரயில் நேரங்களை என் கைபேசியில் எடுத்து வைத்துக்கொண்டேன்.

போய் இறங்கி யூர்ட்டைப் பார்த்ததும் அப்பா, "நீத்துப்பெட்டியைக் கவிட்டு வைச்ச மாதிரியெல்லோ கிடக்கு! இதுக்குள்ள எங்களை அவிக்கப் போறியளோ?" என்றார். புட்டு அவிக்கும் ஓலைப்பெட்டியின் வடிவம் அப்படியே இருந்தது. பிள்ளைகள் அதன்பிறகு அதை நீத்துப்பெட்டி என்றுதான் சொன்னார்கள்.

அம்மா சிரிக்கவில்லை. பதிவு அறையில் அடையாள அட்டைகளைக் கேட்டபோதே முகம் இறுகிவிட்டது. மடித்த கட்டில் விரிப்புகளைக் கையில் அடுக்கித் தந்தபோது அப்பாவைப் பார்த்தார். எல்லா இடங்களிலும் விருந்தாளிகளைப் பதிவது வழமை என்று எனக்குத் தெரியும். அம்மாவின் கையிலிருந்த விரிப்புகளை நான் வாங்கிக்கொண்டேன். யூர்ட்டுக்குள் போனதும் அம்மா கதவைப் பூட்டினார், திறந்தார், மறுபடி பூட்டினார். பையை மட்டும் அவிழ்க்கவில்லை.

பின்னேரம் எல்லாரும் ஆற்றுக்குப் புறப்பட்டபோது அம்மாவைக் காணவில்லை. தேடிப்போனால் பதிவு அறை யன்னலில் நிற்கிறார். முதியோர் இல்லக் குசினியில் வேலை செய்து பழகிய டொச் மொழியில், தொலைபேசியில் என்னோடு பேசிய அந்தப் பெண்ணுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்: நாங்கள் ஆற்றுக்குப் போகிறோம், பாலத்தடி வரைக்கும், ஐந்து மணிக்குத் திரும்பி வந்துவிடுவோம்.

நான் அம்மாவின் கையைப் பிடித்தேன். "அம்மா, இஞ்ச அதெல்லாம் சொல்லத் தேவையில்லை."

அப்பா என் பின்னால் நின்று அம்மாவிடம், "என்ன, கையெழுத்தும் போட்டிட்டீரோ?" என்றார். பகிடியாகத்தான் சொன்னார், ஆனால் குரல் மெதுவாக இருந்தது.

அந்தப் பெண் எங்களைக் கவனிக்கவில்லை. அம்மா சொன்னதை மேசையிலிருந்த தாளில் குறித்துக்கொண்டு நிமிர்ந்தார். "நன்றி. எல்லாரும் உங்களைப் போல இருந்தால் எவ்வளவு நல்லது. எங்கே போகிறோம் என்று ஒருவருக்கும் சொல்லாமல் மலைக்கு ஏறிவிடுகிறார்கள். மழை வந்தால் ஆறு ஏறிவிடும், எங்கே போய்த் தேடுவது?"

அம்மா பாலத்தடியில் கல்லொன்றில் இருந்து காலைத் தண்ணீருக்குள் விட்டபிறகுதான், "நல்ல பழக்கமெண்டு சொல்லுறா," என்றார்.

"ஆர்?"

"அந்தப் பொம்பிளை. நாங்கள் வராட்டித் தேடுவினமாம்." கொஞ்ச நேரம் காலை ஆட்டினார். "அங்க காம்பிலயும் தேடுறவங்கள்தான். அது வேற தேடல்."

ஐந்து மணிக்குத் திரும்பினோம். வந்துவிட்டோம் என்று அம்மா யன்னலில் தலையை நீட்டிச் சொல்லிவிட்டு வந்தார். இரவுச் சாப்பாட்டுக்கு அண்ணா வோன்மோபில் அடுப்பில் நூடில்ஸ் அவித்தார். அது களியாகிப் போனது. எழும்பி உதவப்போன அம்மாவை, "நீங்கள் இருங்கோ மாமி," என்று அண்ணி தோளில் பிடித்து இருத்திவிட்டார். அம்மா இருந்தார், களியையும் சாப்பிட்டார்.

விடிய நான் எழும்பியபோது கதவு அகலத் திறந்திருந்தது. அம்மாவின் கட்டில் விரிப்பு மடித்துக் கிடந்தது. ரயில்தான் என்று நினைத்துச் சப்பாத்தைத் தேடினேன். வெளியே வந்து பார்த்தால் வாசற்படியில் அம்மாவின் பை அவிழ்ந்து கிடந்தது. ஈரத் துவாய் யூர்ட்டின் கயிற்றில் காய்ந்துகொண்டிருந்தது. சற்றுத் தள்ளி அம்மாவும் அப்பாவும் பதிவு அறையைக் கடந்து நடந்து போய்க்கொண்டிருந்தார்கள்.

அந்தப் பெண் யன்னலைத் திறந்து, "இன்றைக்கு எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

அம்மா நிற்காமல் கையை மலைப்பக்கம் வீசிக் காட்டினார்.

"எத்தனை மணிக்கு வருவீர்கள்?"

"பாப்பம்," என்றார் அம்மா, தமிழிலேயே.