புங்க இலை ஒட்டிய பக்கம்

ஐந்தாம் வகுப்புக் காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளிக்குப் போன முதல் நாளே, பக்கத்தில் உட்காருகிறவள், "உங்க அக்கா எங்கடி?" என்று கேட்டாள். காஞ்சிபுரத்தில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள் என்று வீட்டில் எனக்குச் சொல்லியிருந்ததை அப்படியே சொன்னேன். அவள் சிரித்தாள். பின்வரிசையும் சேர்ந்து சிரித்தது. ஹாஸ்டலில் படிப்பதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று அன்று மாலை அம்மாவைக் கேட்டேன். அம்மா அரிசி களைந்துகொண்டே இருந்தாள். அப்பாதான் சொன்னார்: "நாளைலேர்ந்து இவ இஸ்கூலுக்குப் போவ வேணாம். வூட்லயே படிக்கட்டும்."

நாங்கள் மண்ணூரில் இருந்தோம். அப்பாவுக்குப் பக்கத்துத் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை. அம்மா கல்யாணத்துக்கு முன்னால் நர்சரிப் பள்ளியில் பாடம் நடத்தியவள்; அதனால் வீட்டுப் படிப்பு ஒன்றும் பெரிய விஷயமாகத் தெரியவில்லை. கோடு போடாத பெரிய நோட்டு ஒன்றை வாங்கி, அட்டையில் 'ஸ்கிராப் புக்' என்று எழுதிக் கொடுத்தாள். அப்பாவுக்கு லீவு வரும் நாளில் மூவரும் எங்காவது போவோம். போன இடத்திலிருந்து ஏதாவது கொண்டுவந்து, மைதாப் பசையால் ஒட்டி, கீழே நாலு வரி எழுத வேண்டும். அதுதான் பாடம்.

அதுவரை கோயில் திருவிழாவுக்குக்கூட எங்களைக் கூட்டிப்போகாத அப்பா, வாரம் தவறாமல் வண்டியை எடுத்தார். ஊரிலேயே கொடுத்துவைத்தவள் நான்தான் என்று நினைத்துக்கொண்டேன். அக்கா இல்லாததுதான் குறை. அவள் ஹாஸ்டலுக்குப் போன அதே வாரம், எங்கள் பின்பக்க அறையில் வாடகைக்கு இருந்து கம்பெனி வேலைக்குப் போய்வந்த தென்காசிப் பக்கத்து அண்ணனும் காலி செய்துவிட்டுப் போயிருந்தார். இனி என் சைக்கிள் செயின் கழன்றால் யார் மாட்டித் தருவார்கள் என்பதைத் தவிர, அதைப் பற்றி நான் எதுவும் யோசிக்கவில்லை.

ஆனால் அந்தச் சுற்றுலாக்கள் எனக்குப் பிடிபடவேயில்லை. மணிமங்கலம் கோயிலுக்குப் போனோம். அப்பா சன்னதிப் பக்கம் திரும்பாமல், அங்கே நடந்த கல்யாணங்களை எழுதிவைக்கும் நோட்டு எங்கே என்று விசாரித்துக்கொண்டிருந்தார். துளசியை ஒட்டி, 'இந்தக் கோயிலில் பெரிய நோட்டு உள்ளது' என்று எழுதினேன். ஒரகடத்தில் ஒரு கம்பெனி கேட்டுக்கு எதிரே பாதி நாள் நின்றோம். ஷிப்டு முடிந்து வெளியே வருகிற ஒவ்வொரு முகத்தையும் அப்பா டீக்கடையிலிருந்து பார்த்தார். அம்மாவும் பார்த்தாள். நடுநடுவே என்னிடம், "பஸ் போர்டுல இன்னா ஊரு போட்டுக்கீது? எழுதிக்கோ" என்பாள். பூகோளப் பாடமாம்.

மாலையில் அப்பா அந்த நோட்டை வாங்கி, ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படிப்பார். எனக்குப் பெருமை தாங்காது. படித்து முடித்ததும் பெரியப்பா வீட்டுக்குப் போவார். சில நாள் பெரியப்பாவே வந்துவிடுவார். "எதுனா தெரிஞ்சிதாடா? எடத்த மட்டும் சொல்லு, மிச்சத்த நான் பாத்துக்கறேன்" என்பார். அவருக்கு என் படிப்பில் இவ்வளவு அக்கறையா என்று வியந்திருக்கிறேன்.

மறைமலை நகருக்குப் போன அன்று நல்ல வெயில். அப்பா வழக்கம்போல ஒரு கம்பெனி கேட்டைப் பார்த்தபடி எதிர்ப்பக்க டீக்கடையில் இருந்தார். அம்மா தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். நான் புங்க மரத்தடியில் நல்ல இலையாகப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்துக் கம்பெனியிலிருந்து நீலக் கோட்டு போட்ட பெண்கள் கூட்டமாக வந்தார்கள். அதில் ஒருத்தி நின்றாள்.

அக்கா.

கழுத்தில் புது மஞ்சள் கயிறு. என்னை மரத்துக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு, "யார் கூட வந்த?" என்றாள். டீக்கடையைக் காட்டினேன். என்னை இன்னும் மரத்தோடு ஒட்டி நிறுத்தினாள். நானோ நோட்டைப் பிரித்துக் காட்டினேன். கோயில் நோட்டையும் பஸ் போர்டு ஊர்களையும் பார்த்தவள் முகம் மாறிவிட்டது.

"இத யாரு எழுதச் சொன்னது?"

"அம்மா. அப்பா வுடாம படிப்பாரு. உங்க ஹாஸ்டல்லேர்ந்து ஒட்றதுக்கு எதுனா குடுக்கா."

அவள் அழுதாளா சிரித்தாளா என்று இன்றுவரை தெரியவில்லை. பையில் கைவிட்டு, கம்பெனி பெயர் அச்சடித்த சாப்பாட்டு டோக்கன் ஒன்றை என் உள்ளங்கையில் வைத்து மூடினாள். "அம்மாகிட்ட மட்டும் காட்டு" என்று சொல்லிவிட்டு, கூட்டத்தோடு கூட்டமாகப் பஸ் ஏறிவிட்டாள். ஹாஸ்டலில் நீலக் கோட்டு எதற்கு என்று கேட்க நினைத்தது வாயிலேயே நின்றுவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் அதை ஒட்டி, சுற்றிலும் பூப்போட்டு, 'அக்காவின் ஹாஸ்டல் டோக்கன்' என்று எழுதினேன். நோட்டை எப்போதும் முதலில் பார்ப்பது அம்மாதான். அதனால் அக்கா சொன்னபடியே செய்கிறேன் என்றுதான் எண்ணம். அன்றைக்குப் பார்த்து அப்பா வாசலிலிருந்து, "நோட்ட எடுத்தா" என்றார்.

எடுத்துக்கொண்டு எழுந்தேன். அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த அம்மா நோட்டைப் பிடுங்கிக்கொண்டாள். "பசை காயல, இரு" என்று வாசலுக்குக் கேட்கிற மாதிரி சொன்னாள். நான் வைத்திருந்த இலைகளில் பெரிதாக நாலைந்தை எடுத்துப் பசையை அப்பி, டோக்கன் மேலும் என் எழுத்தின் மேலும் ஒட்டினாள். ஓரத்தில் 'புங்க இலை' என்று எழுதினாள். எழுத்து கோணலாக வந்தது.

"அது அக்கா குடுத்தது" என்றேன்.

என் வாயைப் பொத்தி, காதருகே குனிந்தாள். "மெலிஞ்சிட்டாளா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

அப்பா அந்தப் பக்கத்துக்கு வந்ததும் தடவிப் பார்த்தார். "இன்னா இவ்ளோ தடிப்பா கீது?"

"எல தடிப்பு. காஞ்சா படிஞ்சிடும்" என்றாள் அம்மா. அவர் விரல் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு பக்கத்தைத் திருப்பினார்.

அடுத்த லீவு நாளில் அம்மா எதிர்த்திசையில் ஒரு கம்பெனியைச் சொன்னாள். அங்கே கேட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, எனக்கு வேர்க்கடலை உரித்துத் தந்தாள். பஸ் போர்டு எதையும் எழுதச் சொல்லவில்லை. அதற்கடுத்த வாரம், "போதும், இஸ்கூலுக்கே போவட்டும்" என்று அப்பாவிடம் பிடிவாதமாக நின்றாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் நன்றாகத்தானே எழுதினேன் என்று அழுதேன்.

மூன்று வருடம் கழித்து அக்கா கைக்குழந்தையோடு வந்தபோது கதவைத் திறந்தது அப்பாதான். நகர்ந்து வழிவிட்டார்.

ஆனால் அந்த ஐப்பசியில் எனக்கு அம்மா மேல் கோபம்தான். அழகாகப் பூப்போட்ட என் பக்கத்தைக் கெடுத்துவிட்டாளே என்று இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்பா வேலைக்குப் போன பிறகு, அம்மா அந்த நோட்டை ஜன்னலுக்குக் கொண்டுபோய், அந்த ஒரு தாளை மட்டும் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, பின்பக்கத்திலிருந்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருப்பாள். உதடுகள் எழுத்துக் கூட்டுவதுபோல் அசையும். பசை காய்ந்துவிட்டதா என்று பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.