நாற்பத்தோராம் அறிவிப்பு

லிஃப்ட் எங்கே நின்றுபோனாலும் என் அத்தான் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "கடைசியா இதுல கை வெச்சது யாரு?" இருபத்திரண்டு வருடமாக லிஃப்ட் பழுது பார்க்கிறவர். எந்த இயந்திரமும் தானாகக் கெடாது, எவனோ கெடுத்திருக்கிறான் என்பது அவருடைய கொள்கை. பழுது பார்த்த பாகத்தின் மேல் சாக்பீஸால் தேதியும் தன் பெயரின் முதல் எழுத்தும் போட்டுவிட்டுத்தான் இறங்குவார். நாளைக்கு யாரும் தன்மேல் பழி போடக் கூடாதாம்.

இந்தக் கொள்கையை மனிதர் லிஃப்ட்டோடு நிறுத்தியிருந்தால் குடும்பம் நிம்மதியாக இருந்திருக்கும். பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவே ஒரு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு, தானே புத்தகம் பார்த்துப் படித்து, தமிழ்க் குறுக்கெழுத்துப் புதிர் போடும் மென்பொருள் ஒன்றை எழுத ஆரம்பித்தார். பொத்தானை அழுத்தினால் புதுப் புதிர் வரும். கட்டத்துக்கு ஒரு எழுத்து என்று நாம் நினைப்போம். கம்ப்யூட்டரோ கொம்பைத் தனியாக, துணைக்காலைத் தனியாக எண்ணும். அதைச் சரிக்கட்டவே ஒரு வருடம் போனது. சனிக்கிழமைதோறும் தன் இணையப் பக்கத்தில் எண் போட்டு ஓர் அறிவிப்பு எழுதுவார்: இந்த வாரம் என்ன சரியானது, என்ன கெட்டது. முப்பத்தேழு பேர் படித்தார்கள்.

மென்பொருள் அத்தானுடையது, அதற்குள் இருந்த சொற்கள் என் அக்காவுடையவை. அக்கா ஒரு பள்ளி நூலகத்தில் வேலை பார்க்கிறாள். நாலு வருடம், பதினோரு நீள நோட்டு, ஆறாயிரத்து நானூற்றுச் சொச்சம் சொற்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு குறிப்பு. குடைக்கு அவள் எழுதியது: "மழையில் விரியும், பேருந்தில் தொலையும்." புதிர் போடுகிறவர்கள் அந்தக் குறிப்புகளுக்காகத்தான் வந்தார்கள் என்பது என் கட்சி.

ஒரு வியாழக்கிழமை அத்தான் சொற்களை எண்ணிப் பார்த்தார். முப்பது குறைந்திருந்தது. மறுநாள் இன்னும் பதினெட்டு.

முதலில் வைரஸ் என்றார். கம்ப்யூட்டர் கடைக்காரர் வந்து, பெட்டியைத் திறந்து, ஊதி, தூசியைத் தட்டிவிட்டு, "ஒண்ணுமில்ல சார்" என்றார். அவர் போனதும் அத்தான் கதவைச் சாத்திக்கொண்டு, "ஒண்ணுமில்லன்னு எப்படி அவ்வளவு சீக்கிரமா சொல்றான்? அவன்தான் எதையோ செஞ்சிருக்கான்" என்றார்.

அடுத்து நான். எப்போதோ ஒரு விண்ணப்பம் அச்செடுக்க அந்த நாற்காலியில் பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன். அது போதாதா? "மாப்ள, அன்னைக்கு நீ எதை எதைத் தொட்ட?" என்று போலீஸ் தோரணையில் விசாரித்தார். கீபோர்டின் மேல் முகப்பவுடர் தூவி வைத்தார், கைரேகை விழுமாம். விழுந்ததெல்லாம் அவர் கைரேகைதான். பவுடர் உள்ளே இறங்கி இரண்டு பொத்தான்கள் மாட்டிக்கொண்டன. அதற்கும் என்னைத்தான் ஒரு மாதிரி பார்த்தார்.

வெளியாட்கள் தீர்ந்ததும் சந்தேகம் வீட்டுக்குள் வந்தது. ஒரு மாதத்துக்கு முன்பு அக்கா, "சொல்லெல்லாம் என்னோடது, பேரு மட்டும் உங்களோடதா?" என்று கேட்டிருந்தாள். சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். அத்தான் அதை மனதில் முடிச்சுப் போட்டு வைத்திருந்தார். பாஸ்வேர்டை மாற்றினார். அவள் அறைக்குள் வந்தால் திரையை அணைத்தார். அந்தச் சனிக்கிழமை நாற்பத்தோராம் அறிவிப்பில், முப்பத்தேழு பேர் பார்க்க எழுதினார்: "சொற்கள் தொடர்ந்து அழிக்கப்படுகின்றன. வீட்டில் இருக்கும் ஒருவரே இதைச் செய்கிறார் என்று சந்தேகிக்கிறேன்."

வீட்டில் இருப்பதே இரண்டு பேர்.

திங்கட்கிழமை அக்கா நூலக மேஜையில் உட்கார்ந்து அதைப் படித்தாள். சாயங்காலம் இரண்டு மாற்றுத்துணியும் பதினோரு நோட்டுமாக என் வீட்டுக்கு வந்துவிட்டாள். "நாலு வருஷம் பொறுக்கிச் சேர்த்ததை நானே அழிப்பேனாடா?" என்று கேட்டாள். அத்தான் வாசலுக்கு வந்தால் என்ன கேட்பது என்று நாலைந்து வசனம் தயார் செய்து வைத்தேன்.

அத்தான் வரவில்லை. அங்கே அவருக்கு வேறு கவலை. பின்னால் அவரே சொன்னது இது. அக்கா போன பிறகும் சொற்கள் குறைந்தன. இருபது, பதினைந்து, இருபத்தாறு. நான் என் வீட்டிலிருந்தே இணையம் வழியாக உள்ளே நுழைகிறேன் என்று முடிவு கட்டி இணைய வயரைப் பிடுங்கினார். அப்போதும் குறைந்தது. அறையைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். வந்து திறந்து கொஞ்ச நேரம் வேலை பார்த்து மூடினால், மறுபடி குறைந்தது. பென் டிரைவில் நகல் இருக்கிறதே என்று பார்த்தால், ஞாயிறுதோறும் பத்திரமாக நகல் எடுத்தவர் குறைந்த ஃபைலைப் பழைய ஃபைலின் மேலேயே ஏற்றி வைத்திருந்தார். எழுநூறு சொற்கள் போய்விட்டன.

சந்தேகப்பட ஆள் இல்லாமல் போனது. தான் எழுதிய நிரலை முழுக்க அச்செடுத்து, லிஃப்ட் கம்பியைத் தடவிப் பார்ப்பதுபோல் வரிவரியாக விரல் வைத்துப் படித்தார். அறுபத்து மூன்றாம் பக்கத்தில் எட்டு வரி. நூறு நாளாக எந்தப் புதிரிலும் வராத சொல்லை, மென்பொருளை மூடும்போது நீக்கிவிடு என்று அவை சொல்லின. புதிர் மெதுவாக வருகிறது என்று யாரோ குறைபட்டபோது பாரத்தைக் குறைக்க எழுதியது. கட்டத்தில் பொருந்தாத நீளமான சொற்கள் நூறு நாள் காத்திருந்துவிட்டு ஒவ்வொன்றாக வெளியேறியிருக்கின்றன. வரிகளுக்கு மேலே, வழக்கம்போல, தேதி. அவர் பெயரின் முதல் எழுத்து. பக்கத்தில் ஒரு குறிப்பு: "தற்காலிகம். பிறகு எடுத்துவிட வேண்டும்."

அக்கா வந்த நாலாம் வாரச் சனிக்கிழமை வந்த நாற்பத்தைந்தாம் அறிவிப்பை அக்காவும் நானும் சேர்ந்துதான் படித்தோம். "ஒரு தொழில்நுட்பக் கோளாறு கண்டறியப்பட்டுச் சரிசெய்யப்பட்டது." அவ்வளவுதான்.

"கோளாறு என்ன வானத்துல இருந்தா விழுந்துச்சு?" என்றாள் அக்கா.

மறுநாள் அத்தான் நேரில் வந்தார். இளைத்திருந்தார். என் வசனங்களுக்கு வேலையே வைக்காமல் நேராக அக்காவிடம் போய், "தப்பு என்னோடதுதான். வா, வீட்டுக்குப் போகலாம்" என்றார்.

"அதை என்கிட்ட ஏன் சொல்றீங்க? நான் செய்யலன்னு எனக்குத்தான் தெரியுமே. முப்பத்தேழு பேருக்குச் சொன்னீங்க இல்ல, அவங்ககிட்ட சொல்லுங்க."

"சரி பண்ணியாச்சுன்னு எழுதிட்டேனே."

"யாரு பண்ணினதுன்னு எழுதலையே. அதை எழுதாம நான் அங்க வர மாட்டேன்."

இருபத்திரண்டு வருடம் அடுத்தவன் தப்பையே தேடிக்கொண்டிருந்த மனிதருக்கு இது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரிந்தது. இரக்கம்கூட வந்தது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை. அத்தான் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

எழுத மாட்டார் என்றுதான் நான் நினைத்தேன். அக்கா என்ன நினைத்தாள் என்று சொல்லவில்லை. ஆனால் புதன்கிழமை கடைக்குப் போய்ப் புதிதாக இரண்டு மாற்றுத்துணி வாங்கி வந்தாள். அதைப் பார்த்ததும் எனக்குப் பகீரென்றது.

சனிக்கிழமை வந்தது. "சொற்களை அழித்தது நான். என் மனைவிமேல் இதே இடத்தில் பழி போட்டேன். சொற்களும் குறிப்புகளும் அவளுடையவை; கட்டம் மட்டுமே என்னுடையது." கீழே அந்த எட்டு வரிகளையும், தேதியும் முதல் எழுத்துமாக, அப்படியே போட்டிருந்தார். அக்கா இரண்டு தடவை படித்தாள். பிறகு அழுதாள். என்னைச் சந்தேகப்பட்டது பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை என்பதை அப்போது சொல்ல வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு மத்தியானம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். அக்கா நோட்டை மடியில் வைத்துக்கொண்டு காணாமல்போன சொற்களைப் படிக்க, அத்தான் தட்டிக்கொண்டிருந்தார். நோட்டை அவர் கையில் கொடுப்பதில்லை. ஒரு பக்கம் முடிந்ததும் அக்கா படிப்பதை நிறுத்தினாள்.

"மூடிட்டுத் திறங்க."

"அந்த எட்டு வரியும் எடுத்தாச்சும்மா. உன் கண்ணு முன்னாலதானே எடுத்தேன். இன்னுமா நம்பல?"

"நம்புறேன். மூடிட்டுத் திறந்து காட்டுங்க."

அத்தான் மூடினார். திறந்தார். அக்கா முன்னால் குனிந்து, திரையில் விரலை வைத்து, முதல் சொல்லிலிருந்து எண்ண ஆரம்பித்தாள்.