மாமா வாங்கிய நாட்டுத் துப்பாக்கி

பெங்களூரில் ஒரு துப்பாக்கிக் கடை. மேசைமேல் கிடத்தியிருந்த நாட்டுத் துப்பாக்கிகளில் ஒன்றை என் மாமா தூக்கினார். குழலை விரல் முட்டியால் தட்டினார். காதை அருகில் கொண்டுபோய்க் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். கடைக்காரர் என்னைப் பார்த்தார், நான் தெருப்பக்கம் பார்த்தேன். துப்பாக்கி வாங்க வந்த மனுஷன் தேங்காய் பார்ப்பதுபோல் தட்டிப் பார்த்தால் கூட வந்தவனுக்குச் சங்கடமாக இருக்காதா? ஆனால் மாமாவுக்கு வேறு வழி தெரியாது. கோலார் தங்க வயலில் சுரங்க ஷாஃப்டுக்குள் இறங்கியவர்கள் எல்லோருக்கும் அந்தப் பழக்கம் உண்டு. வேலை செய்யப் போகும் இடத்தில் மேல்பாறையை முதலில் கம்பியால் தட்டுவார்கள். கணீரென்றால் பாறை கெட்டி. பொத்தென்றால் அதற்குக் கீழே நிற்கக் கூடாது. அப்படித் தட்டித் தட்டித்தான் அவர் பாதி வாழ்நாளை உயிரோடு கழித்திருந்தார்.

அவர் என் அக்காவின் கணவர். சுரங்கத்தில் பாறைக்கு வெடி வைக்கும் வேலை. சுரங்கத்தை மூடியபோது எங்கள் ஊரிகம் தொழிலாளர் லைன் வீடுகளில் இருந்த ஆண்கள் எல்லோரையும் போல அவரும் விடியற்காலை ரயிலேறிப் பெங்களூர் போய் ஏதோ ஒரு கட்டிடத்தின் வாசலில் காவலுக்கு நின்றார். வருஷக்கணக்காக நின்றார். அந்தச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, பங்காருபேட்டை போகிற வழியில் ஏரிக்கரையை ஒட்டி ஒரு துண்டு நிலம் வாங்கினார். எங்கள் வம்சத்தில் யாருக்கும் சொந்தமாக நிலம் இருந்ததில்லை. கும்பனிக்காரன் காலத்தில் வட ஆற்காட்டிலிருந்து வந்தவர்கள், அங்கே இன்னொருவர் வயலில் குனிந்தவர்கள்தான். பத்திரம் பதிவான அன்று மாமா நிலத்தின் நான்கு மூலைகளிலும் போய் நின்று பார்த்தார். அக்கா கேலி செய்தாள். மாமா சிரிக்கவில்லை.

முதல் வேர்க்கடலைப் பயிரைக் காட்டுப்பன்றிகள் கிளறிப்போட்டுவிட்டுப் போயின. அடுத்த பயிரும் அப்படியே. தகர டப்பா கட்டித் தொங்கவிட்டார், பழைய புடவைகளை வேலி போலச் சுற்றினார், பட்டாசு கொளுத்தினார். பன்றிகள் எல்லாவற்றுக்கும் பழகிக்கொண்டன. மூன்றாம் முறையும் போனால் நிலத்தை விற்றுவிட்டு மறுபடி காவலுக்குப் போக வேண்டியதுதான் என்று அக்கா சொல்லிவிட்டாள். அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அப்போதுதான் பக்கத்து நிலத்து ரெட்டி, பயிர்க்காவலுக்கு உரிமம் வாங்கி ஒரு நாட்டுத் துப்பாக்கி வைத்துக்கொள்ளலாமே என்று யோசனை சொன்னார். மாமா உடனே ஒப்புக்கொள்ளவில்லை. எங்கள் வீட்டுச் சுவரில் புத்தர் படம்தான். உயிரைக் கொல்வதற்காக ஒரு பொருளைக் காசு கொடுத்து வாங்கி அந்தப் படத்துக்குக் கீழே வைக்க அவருக்கு மனம் வரவில்லை. குழல் வாய் வழியாக மருந்தைப் போட்டு இடிக்கும் ரகம் என்றால் குண்டே போடாமல் சத்தத்துக்கு மட்டும் சுடலாம் என்று ரெட்டி விளக்கிய பிறகுதான் சரி என்றார். உரிமத்துக்காக அலைந்த அலைச்சலைச் சொல்லப்போனால் அது தனிக் கதை.

கடைக்காரர் வயதானவர், பொறுமைசாலி. கன்னடமும் தமிழும் கலந்து பேசினார். முதல்முதலாக வாங்குகிறவர்கள் இரட்டைக் குழல் பக்கமே போகக் கூடாது என்றார். எங்கள் கையிருப்புக்கு அந்தப் பக்கம் போகவும் முடியாது. மேசைமேல் மூன்று இருந்தன. ஒன்றில் மரக்கட்டை முழுக்கப் பூவேலை, பித்தளைப் பட்டை. கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருந்தது. கட்டையும் குழலும் சேரும் இடத்தில் விரல்நகம் நுழையும் இடைவெளி இருந்ததை மாமாதான் கண்டுபிடித்தார். இரண்டாவது யாரோ வைத்திருந்து விற்றது, விலையும் மலிவு. கடைக்காரரே ஒரு சிறிய விளக்கைக் குழலுக்குள் இறக்கிக் காட்டினார். உட்சுவரெல்லாம் அம்மைத் தழும்பு போலத் துரு. மூன்றாவது அலங்காரம் எதுவும் இல்லாத கருப்புக் கட்டை. மாமா அதைத் தோளில் வைத்துப் பார்த்தார். மருந்தைப் பற்றவைக்கும் சுத்தியலைப் பாதி இழுத்து நிறுத்தி, அது வழுக்கி விழுகிறதா என்று மெல்ல ஆட்டிப் பார்த்தார். பிறகுதான் தட்டினார். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, "இது நல்லா கீது மச்சான்" என்றார். புடவை எடுக்கப் போன இடத்தில்கூட அவர் முகத்தில் நான் அவ்வளவு நிம்மதியைப் பார்த்ததில்லை.

பணம் கொடுக்கும் நேரத்தில் கடைக்காரர் ஒரு மெல்லிய கம்பியை எடுத்துவந்தார். அதன் முனை திருகாணிபோல் இருந்தது. பனியில் மருந்து நமத்துப்போய் வெடிக்காவிட்டால், சற்று நேரம் விட்டு, இந்தத் திருகை உள்ளே விட்டு அடைப்பையும் மருந்தையும் வெளியே இழுத்துவிட வேண்டும், மறக்காமல் வாங்கிப்போங்கள் என்றார். மாமா பாம்பைக் கண்டதுபோல் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"வெடிக்காத மருந்தைத் தோண்டக் கூடாதுங்க. தோண்டினவன் எவனும் வூட்டுக்குத் திரும்பல."

கடைக்காரர் சுரங்கம் வேறு, இது வேறு என்று என்னென்னவோ சொன்னார். மாமா மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். கம்பியை மட்டும் தொடவில்லை. பாறைத் துளையில் வெடிக்காமல் நின்றுபோன மருந்தை மிஸ்ஃபயர் என்பார்கள். அதைச் சுரண்டப்போய் முகமே இல்லாமல் போனவர்களை, மேலே கொண்டுவரும் கூண்டான கேஜில் அவர் ஏற்றியிருக்கிறார். தோண்டாதே, காத்திரு, பிறகு அதன்மேல் புது மருந்து வைத்துச் சேர்த்து வெடிக்கவிடு. இதுதான் கீழே அவர் கற்றது. சின்ன வயதில் எனக்கே கதைபோல் சொல்லியிருக்கிறார்.

துப்பாக்கி வந்த பிறகு பன்றிகள் எட்டிப் பார்க்கவில்லை. பொழுது சாயும் நேரத்தில் ஒரு முறை, விடியும் நேரத்தில் ஒரு முறை ஏரிக்கரை அதிரும். வேர்க்கடலை பிடித்துக்கொண்டது. அக்கா விற்கிற பேச்சை நிறுத்தினாள். கடலை பிடுங்க யார் யாரைக் கூப்பிடலாம் என்று இருவரும் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டபோது எனக்கும் சந்தோஷமாக இருந்தது. அந்த வீட்டில் இனிமேல் கஷ்டமில்லை என்று நானும் முட்டாள்தனமாக நம்பினேன்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. நானும் நிலத்தில் இருந்தேன். மழை தூறி விட்டிருந்த மாலை. மாமா குழலைப் புதர்ப்பக்கம் நீட்டிச் சுட்டார். சுத்தியல் விழுந்த சத்தம் மட்டும் கேட்டது. என்னை வரப்புக்குப் பின்னால் போய் உட்காரச் சொன்னார். குழல்வாயைத் தன் பக்கம் திருப்பாமல், அசையாமல், எவ்வளவோ நேரம் நின்றார். எனக்குக் கால் மரத்துப்போனது. அதன் பிறகு பையிலிருந்து மருந்தை எடுத்து, கிடந்த மருந்தின் மேலேயே போட்டார். கீழே பாறைத் துளையை அடைப்பதுபோல் ஈரக் களிமண்ணை உருட்டி வைத்து, மரக்கோலால் இறுக்கினார். ஒவ்வொன்றையும் நிதானமாக, பழகிய கையோடு செய்தார். பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, இவ்வளவு ஜாக்கிரதையான மனிதரோடு இருக்கிறோம் என்றுதான் தோன்றியது. பாறைக்குள் அழுத்தம் பாறையைப் பிளக்கும். இங்கே பிளப்பதற்குக் கையில் இருந்த குழல் மட்டும்தான் இருந்தது.

விசையை இழுத்ததும் இடது கை மணிக்கட்டோடு போனது. இரண்டு கண்களும் போயின. பெங்களூர் ஆஸ்பத்திரியில் தைக்க முடிந்ததைத் தைத்து அனுப்பினார்கள். வைத்தியத்துக்காக நிலத்தை விற்றோம். விலை பேச வந்தவர் விளைந்து நின்ற கடலையைச் செடியோடு சேர்த்தே எடுத்துக்கொண்டார். மட்டமான துப்பாக்கியைத் தலையில் கட்டிவிட்டான் என்று அக்கா வருகிறவர்களிடமெல்லாம் கடைக்காரரைத் திட்டிக்கொண்டிருந்தாள். யாரையாவது திட்டாமல் அவளால் எப்படி இருக்க முடியும்? மாமா ஒவ்வொரு முறையும் உள்ளேயிருந்து மறுப்பார். துப்பாக்கிமேல் குறையே இல்லை, நான் தட்டிப் பார்த்து எடுத்தது என்பார். நான் செய்ததிலும் தப்பில்லை, முறைப்படிதான் செய்தேன் என்பார். இரண்டும் சரியென்றால் கை எங்கே போயிற்று என்று அவரால் கூட்டிப் பார்க்க முடியவில்லை. ராப்பகலாக அதிலேயே கிடந்தார். சொல்லிப் புரியவைக்கலாம் என்று சில தடவை அருகில் உட்கார்ந்தேன். அந்தக் கட்டுப்போட்ட முகத்தைப் பார்த்தால் வாய் வரவில்லை. போன மழைக்காலத்தில் அவர் இறந்தார். அதற்காக நான் அழுததைவிட, அந்தக் கேள்வியோடு அவர் கிடந்த நாட்களுக்காகத்தான் அதிகம் அழுதிருக்கிறேன்.

இறப்பதற்கு முன் கடைசியாக அவரைப் பார்க்க வந்தவர் அவரோடு ஒரே ஷிப்டில் வெடி வைத்த கூட்டாளி. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சுரங்கத்தின் பழைய லெவல், பழைய மேஸ்திரி என்று பேசிக்கொண்டிருந்தார். மாமா பேச்சை நிறுத்தி, நடந்ததை முதலிலிருந்து கடைசிவரை சொன்னார். மருந்து நமத்தது, காத்திருந்தது, மேலே புதிது போட்டது, களிமண் அடைத்தது.

"சொல்லு. நீயா இருந்தா இன்னா பண்ணிருப்ப?"

அக்கா காப்பித் தம்ளரோடு வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"நானும் தோண்டியிருக்க மாட்டேன். புதுசு வெச்சுத்தான் சுட்டிருப்பேன்" என்றார் கூட்டாளி.

மாமாவுக்கு இதைவிட ஆறுதல் யார் சொல்ல முடியும் என்று நினைத்தேன். அவர் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அப்ப, கீழ கத்துக்கினது எதுவும் மேல ஆவாதா?"

பெங்களூர் ரயிலுக்குக் கூட்டாளிக்கு நேரமாகிவிட்டிருந்தது. காவலாளிச் சட்டையின் மேல்பொத்தானைப் போட்டுக்கொண்டு, காப்பியைக்கூடக் குடிக்காமல் எழுந்து போனார்.