பிரின்ஸ் அசையவில்லை

அப்பா எங்களை விட்டுப் போய் ஓராண்டாகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருப்பவர்களில் பலர் அப்பாவை 'நாய்ப்பட மாஸ்ரர்' என்றே அறிந்திருப்பீர்கள். முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. ஆனாலும் அவருக்குத் தெரியும். மகளான எனக்குக் கோபம் வரும், அவர் சிரித்துவிட்டுப் போவார். அந்தப் பட்டப்பெயர் வந்த கதையைச் சொல்லாமல் அப்பாவைப் பற்றி எழுத எனக்கு வராது.

அப்பா இணுவிலில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் இரண்டாவது மகனாகப் பிறந்தார். சுற்றிவரச் சைவ வீடுகள். கந்தசுவாமி கோவில் மணிச்சத்தத்துக்கு எழும்பி, ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளில் தேவாலயத்துக்குப் போய் வளர்ந்தவர். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, சித்திர ஆசிரியராகி, ஓய்வுபெறும்வரை அதே வேலையில் இருந்தார். எந்தப் பிள்ளை கீறிய படத்தையும் அவர் கிழித்ததில்லை என்று அவரிடம் படித்தவர்கள் இன்றும் சொல்கிறார்கள்.

எங்கள் வீட்டின் மிகப் பழைய பொருள் ஒரு புகைப்படம். வெள்ளைக்காரப் பாதிரியார் ஒருவரின் பங்களா வாசல். கதிரைகளில் பாதிரியாரும் மனைவியும். அவர்களுக்கு முன்னால் பெரிய நாய் ஒன்று. நாயின் பக்கத்தில் தலைப்பாகை கட்டிய ஒருவர் குனிந்து நிற்கிறார். கீழே அட்டையில் பாதிரியாரின் பெயர், மனைவியின் பெயர், பிறகு 'பிரின்ஸ்' என்று நாயின் பெயர். குனிந்து நிற்பவருக்குப் பெயர் போடவில்லை. அவர் அப்பாவின் அப்பப்பா, தந்தைவழிப் பாட்டனார். பங்களாவில் சமையலும் செய்து, நாயையும் பார்த்தவர்.

அந்தக் காலத்துக் கமராவுக்கு முன்னால் கொஞ்ச நேரம் ஆடாமல் இருக்கவேண்டும், ஆடினால் படம் கலங்கிவிடும். மனிதருக்குச் சொல்லலாம், நாய்க்கு யார் சொல்வது? அதனால் அப்பா எந்தப் பழைய படத்தைக் கண்டாலும் முதலில் நாயைத்தான் தேடுவார். கலியாண வீட்டுக்குப் போனால் பந்திக்குப் போகாமல் சுவரில் தொங்கும் படத்துக்கு முன்னால் நிற்பார்.

"இஞ்சை பார் பிள்ளை, இந்த நாய்க்கு வாலில்லை. ஆட்டிக்கொண்டு இருந்திருக்கு. அங்கை பார், அதுக்கு ரண்டு தலை."

ஓவியப் புத்தகங்களில் ஐரோப்பியப் பிரபுக்களின் காலடியில் படுத்திருக்கும் நாய்களை அவர் அவ்வளவாக மதிப்பதில்லை. "கீறுறவனுக்கு என்ன கரைச்சல்? நாய் எழும்பிப் போனாலும் மனசிலை வைச்சுக் கீறலாம். படம் பிடிக்கிறவனுக்கு நாயைப் பிடிக்க ஒரு ஆள் வேணும்" என்பார். எங்கள் ஒழுங்கை முகப்பில் வைரவர் கோவில் இருக்கிறது. அதன் சுவரில் வைரவருக்குப் பக்கத்தில் நிற்கும் நாயைக் காட்டி, "உவருக்கு ஒருத்தரும் பிடிச்சுக்கொண்டு நிக்கத் தேவையில்லை" என்று பகிடி விடுவார்.

எங்கள் படத்தில் பிரின்ஸின் மயிர்கூடத் தெளிவாகத் தெரியும். அதன் கழுத்தை ஒரு கை பிடித்திருக்கிறது. ஆனால் பிடித்திருந்தவர் நாயைச் சமாதானப்படுத்தத் தலையைத் திருப்பியிருக்கிறார், அவருடைய முகம் கரைந்த மாதிரிப் போய்விட்டது. "நாய் ஆடாமல் இருக்க ஆள் ஆடிப்போனார்" என்று சொல்லும்போது அப்பாவின் குரல் தணியும். முகம் இல்லாவிட்டாலும் அந்தக் கை தெளிவாக இருக்கிறது. சின்ன விரல் உள்ளே வளைந்திருக்கும். அப்பாவுக்கும் அப்படித்தான், பெரியப்பாவுக்கும் அப்படித்தான். இதை எழுதும் என் கையிலும் அதே விரல்தான்.

போர் நெருங்கி, ஊரோடு தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தபோது அம்மா காணி உறுதிப் பத்திரத்தையும் எங்கள் சான்றிதழ்களையும் எடுத்தார். அப்பா அந்தப் படத்தைத் தன் சாரத்துணியில் சுற்றி, மழையில் நனையாமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தார். "உயிர் போற நேரத்திலை நாய்ப் படம்" என்று கூட வந்தவர்கள் ஏசினார்கள். பட்டப்பெயர் அந்த வழியில்தான் வந்தது. திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை. அப்பாவின் சித்திரங்கள் ஒன்றும் மிஞ்சவில்லை.

அவருக்கு இருந்தது ஒரே ஆசை. அந்தப் படத்தின் கீழ் தன் அப்பப்பாவின் பெயர் ஒருமுறையாவது அச்சில் வரவேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் பள்ளிக்கூடம் பழைய படங்களைச் சேர்த்து மலர் போடப்போவதாக அறிந்ததும் முதல் ஆளாகப் போய்ப் படத்தைக் கொடுத்தார். முகம் தெரியாதபடியால், குடும்பத்தில் மூத்தவரும் உறுதிப்படுத்தினால் பெயரைப் போடுவோம் என்றார்கள். மூத்தவர் பெரியப்பா. அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனார்.

"அண்ணை, அது எங்கடை அப்பப்பா எண்டு ஒரு வார்த்தை சொன்னால் காணும்."

"என்ன கதை கதைக்கிறாய்? நாய் பிடிச்சவன்ரை பேரப்பிள்ளையள் எண்டு சனம் சொல்லவோ? என்ரை மருமக்கள் எல்லாம் டொக்டர்மார்."

"அவர் களவெடுக்கேல்லையே அண்ணை. நாயைத்தானே பிடிச்சவர்."

பெரியப்பா எங்கள் முன்னாலேயே மலர்க்குழுவுக்கு ரெலிபோன் எடுத்து, "உது ஆரெண்டு எங்களுக்குத் தெரியாது" என்றார். ரெலிபோனைப் பிடித்திருந்த கையில் அதே வளைந்த விரலை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பாவும் பார்த்தார்.

மலர் வந்தது. பாதிரியார், மனைவி, பிரின்ஸ், பணியாளர் ஒருவர் என்று போட்டிருந்தார்கள். அப்பா கண்ணாடியைப் போட்டு நெடுநேரம் பார்த்தார். "நாய் வடிவா வந்திருக்கு" என்று மட்டும் சொல்லி மூடி வைத்தார். அதற்குப் பிறகு எந்த வீட்டுக்குப் போனாலும் சுவர்ப் படங்களின் பக்கம் அவர் திரும்பவில்லை. எனக்கு அழுகை அழுகையாக வந்தது.

கொஞ்சம் கொஞ்சமாக மறதி வந்தது. முதலில் தெருக்களின் பெயர்கள் போயின, பிறகு எங்கள் பெயர்கள். அம்மாவை யாரோ பக்கத்து வீட்டுக்காரர் என்று நினைத்து மரியாதையாகக் கதைப்பார். ஒருநாள் பின்னேரம் நல்ல தெளிவாக இருந்தார். ஓடிப்போய் அந்தப் படத்தை எடுத்து வந்து மடியில் வைத்தேன். விரல் மெல்ல ஊர்ந்து நாயின் மேல் நின்றது. முகம் மலர்ந்தது.

"பிரின்ஸ்."

"ஓம் அப்பா, பிரின்ஸ்தான். பக்கத்திலை நிக்கிறது ஆர்?"

"தெரியேல்லைப் பிள்ளை. நாயைப் பிடிக்க வந்த ஆளாக்கும்."

நான் பெயரைச் சொன்னேன். தலையை ஆட்டினார். "அப்பிடி ஒருத்தரை எனக்குத் தெரியாது" என்றார். இன்னொருமுறை உரத்துச் சொன்னேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. அம்மா வந்து படத்தை வாங்கிக்கொண்டார். "விடு பிள்ளை. அந்த மனுசனைக் கரைச்சல்படுத்தாதை." அந்த மாரிகாலம் முடிவதற்குள் அப்பா கண்ணை மூடிவிட்டார்.

அப்பாவைத் தூக்கி இருத்தி உணவூட்டிய அயலவர்களுக்கும், நேரம் பாராமல் வீட்டுக்கே வந்து பார்த்த வைத்தியருக்கும், ஜெபித்த சபையாருக்கும், சைவ வீடுகளிலிருந்து கஞ்சி கொண்டு வந்தவர்களுக்கும், தூர தேசங்களிலிருந்து துயர் பகிர்ந்த உறவுகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அடக்கத்தன்று முன்னின்று எல்லாவற்றையும் நடத்தி, முதல் பிடி மண் போட்டவர் பெரியப்பா. அவருக்கும் நன்றி சொல்லவேண்டும், சொல்கிறேன். இம்மலரிலுள்ள வம்சாவளியைத் தயாரித்துத் தந்தவரும் அவரே. அது அப்பாவின் தந்தையிலிருந்து தொடங்குகிறது, அவரும் ஆசிரியர். அதற்கு மேலே இடமில்லை என்றார்.

ஆகவே இங்கே எழுதுகிறேன். பின்னட்டையிலுள்ள படத்தில் பிரின்ஸைப் பிடித்துக்கொண்டு குனிந்து நிற்பவர் எங்கள் பூட்டனார், யாக்கோபு முத்தையா. அந்தப் பெயர் உங்களில் பலருக்குப் புதிதாக இருக்கும். கடைசியில் அப்பாவுக்கும் அது புதிதாகத்தான் இருந்தது.