மோதினாரின் மடிப்புக் குல்லா

கம்பைநல்லூரில் ஷரீபுன்னிசாவைத் தெரியாதவர்கள் இருக்கலாம். அவள் கோபத்தைத் தெரியாதவர்கள் இல்லை. வீட்டுக்குள் உருது பேசுகிறவள் திடீரென்று தமிழுக்கு மாறினால் அவள் புருஷன் அப்துல் ஷுக்கூர் வெளியே நழுவச் செருப்பைத் தேடுவார். சின்னப் பள்ளிவாசலின் மோதினார் அவர். இருபத்திரண்டு வருஷமாக ஐந்து வேளையும் பாங்கு சொல்லி ஊரைத் தொழுகைக்குக் கூப்பிடுகிறவர்.

எண்பத்து நாலு மார்கழியில் அவருக்குக் காதில் சீழ் வைத்தது. தருமபுரி டாக்டர் சொட்டு மருந்து கொடுத்து, தை முடிகிறவரை காதில் பனிக்காற்று படக்கூடாது என்றார். ஆனால் விடியற்காலைப் பாங்குக்கு இருட்டோடு கிளம்பியாக வேண்டும். தலையைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொண்டு போனார். பாங்கு சொல்லும்போது இரண்டு காதிலும் விரலை வைத்துக்கொள்வது வழக்கம், துண்டை அவிழ்த்தார். தொழும்போது நெற்றி தரையில் பட வேண்டும், மறுபடியும் அவிழ்த்தார். கட்டுவதும் அவிழ்ப்பதுமாக இருந்ததில் நாலாம் நாள் வலி திரும்பிவிட்டது. மறுநாள் அவரால் எழுந்திருக்க முடியவில்லை. சைக்கிள் கடை சர்தார் போய்ப் பாங்கு சொன்னார்.

அன்று சாயங்காலம் பள்ளிவாசல் முத்தவல்லி வந்தார். நிர்வாகம் அவர் கையில். நல்ல மனசோடுதான் சொன்னார்: அதுவரை யாராவது சமாளிக்கட்டும், வெள்ளிக்கிழமையிலிருந்து விடியற்காலையைச் சர்தாரே பார்த்துக்கொள்ளட்டும், நீங்கள் உடம்பைப் பாருங்கள். ஷுக்கூர் தலையாட்டினார். ராத்திரிச் சோறு தட்டில் பாதி அப்படியே இருந்தது.

சர்தாருக்கு நல்ல குரல். ஷரீபுன்னிசாவின் பயமே அதுதான். விடியற்காலை போனால் மற்ற நாலும் ஒவ்வொன்றாகப் போகும். பாங்கு இல்லாத ஷுக்கூரை வீட்டில் எந்த மூலையில் உட்கார வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

வெள்ளிக்கு ஐந்து நாள் இருந்தது. பக்கத்து வீட்டு ராஜமேரி கன்னியாஸ்திரிகளின் போர்டிங்கில் படித்தபோது ஸ்வெட்டர் போடக் கற்றவள். அவளுடைய அண்ணன் சின்னப்பன் பட்டாளத்திலிருந்து கொண்டுவந்த கம்பளிக் குல்லா ஒன்று டிரங்குப் பெட்டியில் இருந்தது. கயிறு முறுக்கினாற்போல் உச்சிவரை பின்னல் ஓடியது. ஒன்றின் மேல் ஒன்று ஏறுவதால் இரட்டைக் கனம், காற்று புகாது. ஷரீபுன்னிசா அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"மொதல்ல சாதாவா ஒண்ணு போட்டுப் பழகுங்கக்கா. முறுக்கெல்லாம் அப்புறம்" என்றாள் ராஜமேரி.

"அப்புறம்னா வெள்ளிக்கிழமை போயிடும் மேரி."

கொக்கி ஊசியில் நூல் தொப்பி பின்னிய கை அவளுடையது. இரண்டு ஊசி அரை நாளில் வசப்பட்டது. வரிசைக்கு ஒரு புளியங்கொட்டை எடுத்து வைத்தாள். ஆறாவது கொட்டை விழுந்ததும் ஊசியில் நிற்கும் வளையங்களில் மூன்று கண்ணியைத் தனிக் கம்பியில் ஏற்றி முன்னால் தொங்கவிட்டு, அடுத்த மூன்றைப் பின்னிவிட்டு, அதன்பிறகு தொங்குவதைப் பின்ன வேண்டும். முறுக்கு விழுந்துவிடும். தனிக் கம்பிக்குச் சைக்கிள் போக்ஸ் கம்பி வேண்டியிருந்தது. சர்தாரிடமே போய்க் கேட்டாள். எதற்கு என்று கேட்காமல் அவர் துண்டு வெட்டி, முனையை அரத்தால் ராவி வழவழப்பாக்கிக் கொடுத்தார்.

செவ்வாய்க்கிழமை குல்லா முடிந்தது. நூல் பிடித்துத் தலையை அளந்து போட்டதுதான். ஆனால் ஷுக்கூரின் உச்சியில் கொட்டாங்கச்சி கவிழ்த்த மாதிரி நின்றது. முறுக்கு அத்தனையும் அகலத்தை இழுத்துக்கொண்டிருந்தது. பல நாளைக்குப் பிறகு ஷுக்கூர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அங்கேயே உட்கார்ந்து உருவ ஆரம்பித்தாள்.

விளிம்புப் பட்டியை முடித்து மேலே ஏறும்போது முறுக்குக்கு இரண்டு கண்ணி கூட்டச் சொன்னாள் ராஜமேரி. அகலத்துக்கு வழி கிடைத்துவிட்டது. ஆனால் உருவிய நூலைச் சுற்றும்போது ஷரீபுன்னிசாவுக்கு வேறொன்று உறைத்தது. சின்னப்பன் குல்லா காதை மூடும், கூடவே நெற்றியையும் மூடும். சிப்பாய்க்கு அது போதும். பாங்கு சொல்கிறவருக்கு?

இரண்டு கண்ணி நேராக, இரண்டு கண்ணி மாற்றாக என்று போகும் அந்தப் பட்டியை இந்த முறை ஆறு விரல் நீளத்துக்குப் போட்டாள். கீழே இழுத்துவிட்டால் காது முழுக்க உள்ளே. பாங்குக்கு முழுக்க மடித்தால் காது வெளியே. தொழுகைக்கு முன்பக்கம் மட்டும் மடித்தால் நெற்றி வெளியே, காது உள்ளே.

வியாழக்கிழமை பிற்பகல் அஸர் தொழுகை முடிந்து வந்தவரை நிற்க வைத்தாள்.

"எறக்குங்க. மடிங்க. வெரலை வைங்க. மறுபடி எறக்குங்க."

தமிழில் சொன்னதால் பத்துத் தடவையும் மறுபேச்சில்லாமல் செய்தார்.

வெள்ளிக்கிழமை இன்னும் விடியவில்லை. ஷுக்கூர் குல்லாவோடு பள்ளிவாசலுக்குக் கிளம்பிவிட்டார். சர்தாரும் வருவார் என்று அவளுக்குத் தெரியும். கதவைத் திறந்துவைத்துக்கொண்டு குளிரில் நின்றாள். ஒலிபெருக்கி இரண்டு தரம் கரகரத்தது. யாரோ தொண்டையைச் செருமினார்கள். செருமலிலேயே தெரிந்துவிட்டது. கதவைச் சாத்திவிட்டு டீக்கு அடுப்பைப் பற்றவைத்தாள்.

தொழுகை முடிந்து வந்தவர் நடந்ததைச் சொன்னார். பட்டியை மடித்து விரலை வைத்ததைப் பார்த்துச் சர்தார் தானாகவே பின்னால் போய் நின்றுகொண்டாராம். முத்தவல்லி குல்லாவைத் தொட்டுப் பார்த்துவிட்டு, சரி, நீங்களே பாருங்கள் என்றாராம். டீயைக் குடித்து முடித்துவிட்டு, கொஞ்சம் தயங்கி, சர்தாரும் இதே மாதிரி ஒன்று கேட்கிறார் என்றார்.

ஷரீபுன்னிசா யோசித்தாள். கம்பி கொடுத்த மனுஷர். போட்டுத் தருகிறேன் என்று உருதுவில் சொன்னாள். பிறகு தமிழுக்கு வந்தாள்.

"ஆனா மடிப்பு கெடையாது. அவரென்ன பாங்கா சொல்லப் போறாரு?"