மூன்றாம் வகுப்பில் வடக்கு மேலே இருந்தது

1. முப்பத்திரண்டு விரல்கள்

என் முதல் நாள் கதையைச் சொல்லப் போவதில்லை. முதல் நாளில் எல்லா டீச்சரும் ஒரே மாதிரிதான் பாத்ரூமில் போய் அழுகிறோம். நான் சொல்லப்போவது இருபத்தேழாவது வருஷத்துக் கதை. எல்லாம் எனக்குத் தெரியும் என்ற திமிரோடு நான் சாக்பீஸும் கையுமாக நின்றிருந்த ஒரு காலை.

பெங்களூரில், ஜோகுபாளையத்துக்குப் பக்கத்தில் ஓர் இங்கிலீஷ் மீடியம் பள்ளி. மூன்றாம் வகுப்பு, பி பிரிவு. என் பாடம் சோஷியல். புத்தகத்தில் அதற்கு ஈ.வி.எஸ். என்று பெயர் வைத்துவிட்டார்கள். எங்கள் ஸ்டாஃப் ரூமில் அது என்றைக்கும் சோஷியல்தான். முப்பத்திரண்டு பிள்ளைகள். வீட்டில் தமிழ், கன்னடம், உருது, தெலுங்கு என்று ஆளுக்கொன்று பேசுவார்கள். நான் இங்கிலீஷில் ஆரம்பித்து, முகங்கள் வாடும் இடத்தில் தமிழுக்கும் கன்னடத்துக்கும் தாவுவேன்.

அன்றைக்கு எங்கள் புது செக்ரட்டரி ரவுண்ட்ஸ் வந்தார். பள்ளியை ஆரம்பித்தவரின் மகன். சாஃப்ட்வேர் கம்பெனியில் பெரிய பதவியில் இருந்துவிட்டு வந்தவர். நல்ல மனுஷன்தான். ஆனால் எதைப் பார்த்தாலும் "இது எதுக்கு?" என்று கேட்கும் வியாதி உண்டு. கூடவே எங்கள் ஹெட்மிஸ்ட்ரஸ் வத்சலா மேடம், பரீட்சை எழுதப் போகிறவர் மாதிரி கைக்குட்டையைக் கசக்கிக்கொண்டு வந்தார். அவருக்கு வீட்டில் கன்னடம், எங்களோடு தமிழ், கோபம் வந்தால் இரண்டும்.

சுவரில் என் மேப் தொங்கிக்கொண்டிருந்தது. மேலே வடக்கு, கீழே தெற்கு என்று அந்த வாரம் முழுக்கக் கத்தியிருந்தேன். பிள்ளைகளும் ராகம் போட்டு ஒப்பிப்பார்கள். எனக்கு ஒரே பெருமை.

செக்ரட்டரி சிரித்த முகமாகக் கேட்டார். "ஓகே குழந்தைங்களா, நார்த் எங்க இருக்கு? காட்டுங்க பார்ப்போம்."

முப்பத்திரண்டு ஆட்காட்டி விரல்களும் ஒரே நேரத்தில் கூரையைக் காட்டின. கடைசி பெஞ்ச் பிரஜ்வல், இன்னும் கச்சிதமாக இருக்கட்டும் என்று ஃபேனையே காட்டினான்.

"மாடியிலயா?" என்றார் செக்ரட்டரி. "மாடியில ஃபோர்த் ஸ்டாண்டர்ட்தானே இருக்கு?"

பிள்ளைகள் பெரிய ஜோக் கேட்டதுபோலச் சிரித்தார்கள். எனக்குக் காது மடல் சுட்டது. பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. அதற்குக்கூட எந்தத் திசை என்று இந்தப் பிள்ளைகளைத்தான் கேட்க வேண்டும்.

வராந்தாவில் அவர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன். சாதாரணமாகத்தான் சொன்னார். "மூணாவது படிக்கிற பசங்களுக்கு வாரத்துக்கு அஞ்சு பீரியட் சோஷியல் எதுக்கு மேடம்? மேப், கேபிடல் எல்லாம் போன்லயே இருக்கு. ரெண்டு போதும். மூணை கம்ப்யூட்டருக்குக் குடுத்துடலாம்."

வத்சலா மேடம் எனக்காகக் கெஞ்சினார். "ஒரு சான்ஸ் கொடுங்க சார். புவனா நல்லா கஷ்டப்படற டீச்சர்."

"சரி. தசரா லீவு முடியட்டும். வந்து பாக்கறேன். இதைப் படிச்சா என்ன பிரயோஜனம்னு பசங்களே எனக்குக் காட்டட்டும். அப்புறம் டைம்டேபிளை முடிவு பண்ணலாம்."

அவர் போனதும் மேடம் என் பக்கம் திரும்பினார். "ஏன்ரீ புவனா, இது? ஃபேனைக் காட்டறான்ரீ அவன்!"

அன்றைக்கு மத்தியானம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மூன்று பீரியட் போவது ஒரு பக்கம். அதைவிடப் பெரிய துக்கம், இருபத்தேழு வருஷமாக இதே மேப்பை இதே சுவரில் மாட்டி இதே ராகத்தில் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். என் பழைய பிள்ளைகள் எத்தனை பேர் எந்தெந்த ஊரில் நின்று வடக்கைத் தேடி ஆகாயத்தைப் பார்க்கிறார்களோ! நான் ஒருநாளாவது கேட்டுப் பார்த்திருக்க வேண்டாமா? கேட்கவே இல்லை. ராகம் சரியாக வந்ததும் அடுத்த பாடத்துக்குப் போய்விட்டேன். போர்ஷன் முடிக்கிற பேய் அப்படி.

2. மேப் தரைக்கு இறங்கியது

மறுநாள் அசெம்ப்ளி முடிந்ததும் 3-பி-யை மைதானத்திலேயே நிறுத்திக்கொண்டேன். சூரியனைப் பார்த்து நிற்கச் சொன்னேன். கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார்கள்.

"முன்னாடி கிழக்கு. இப்போ எல்லாரும் இடது கையை நீட்டுங்க. அந்தக் கைப் பக்கம் என்ன இருக்கு?"

"மெட்ரோ மிஸ்!"

"அதான் வடக்கு."

நான் சுவரிலிருந்து கழற்றிக்கொண்டு வந்த மேப்பைத் தரையில் விரித்து, அதன் வடக்கு மெட்ரோ பாலத்தைப் பார்க்கும்படி திருப்பி வைத்தேன். எல்லோரும் சுற்றிக் குந்திக்கொண்டார்கள். நிலோஃபர் என்று ஒரு பெண். கேள்வி கேட்காமல் மூச்சுவிட மாட்டாள். அவள்தான் தலையைத் தூக்கினாள்.

"மிஸ், அப்போ இவ்ளோ நாளா நீங்க தப்பா சொல்லிக் குடுத்தீங்களா?"

சமாளித்திருக்கலாம். "நீங்கதான் சரியா கவனிக்கல" என்று பழியைத் தூக்கி அவர்கள் தலையில் போட்டிருக்கலாம். அதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு. அன்றைக்கு ஏனோ வாய் வேறு மாதிரி பேசிவிட்டது.

"ஆமாண்டி. தப்பாத்தான் சொல்லிக் குடுத்தேன்."

அடேயப்பா, அந்தக் கைத்தட்டல்! டீச்சர்ஸ் டேக்குக்கூட எனக்கு அப்படித் தட்டியதில்லை. மிஸ்ஸும் தப்பு செய்வார் என்பது அவர்களுக்குத் தீபாவளி போலிருந்தது. வெட்கமாக இருக்க வேண்டிய இடத்தில் எனக்கும் சிரிப்புத்தான் வந்தது.

அந்த வாரமே ஆரம்பித்தோம். பள்ளி கேட்டிலிருந்து தபால் ஆபீஸ் வரை ஒரு மேப், மைதானத்தில் சாக்பீஸால். பத்து நிமிஷ நடைதான். ஆனால் அதில் என்னென்ன போடுவது என்பதில் சட்டசபை தோற்றது.

பிரஜ்வல் முதலில் ஒரு நாயைப் போட்டான். பேக்கரி வாசலில் எப்போதும் படுத்திருக்கும் பழுப்பு நாய். "அதைத் தாண்டித்தான் மிஸ் லெஃப்ட்ல திரும்பணும்."

"நாய் எழுந்து போயிட்டா?" என்றாள் நிலோஃபர். "தபால் ஆபீஸ் போறவங்க நாய் பின்னாடியே போவாங்களா?"

பெரிய வாக்குவாதம். கடைசியில் கையைத் தூக்கி ஓட்டுப் போட்டார்கள். சட்டம் நிறைவேறியது: நாளைக்கும் அதே இடத்தில் இருக்கிற பொருளைத்தான் மேப்பில் போடலாம். நாய் அவுட். பிரஜ்வல் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. அப்புறம் ஒரு காலை, கண்ணெல்லாம் மின்ன ஓடி வந்தான்.

"மிஸ், அந்த பேக்கரியை இடிச்சிட்டாங்க! நாய் அங்கயேதான் இருக்கு!"

வகுப்பு முழுக்கச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். பெங்களூரில் இருப்பவர்களுக்கு இது புரியும். ஒரு மாதம் ஒரு தெருவுக்குப் போகாமல் இருந்தால் அடுத்த தடவை வழி கேட்டுத்தான் போக வேண்டும். மேப்பைத் திரும்பத் திரும்ப அழித்து எழுதினோம். பேக்கரி போயிற்று, டெய்லர் கடை பெயர் மாறியது, ஒரு மரத்துக்கு நீண்ட விவாதத்துக்குப் பின் அனுமதி கிடைத்தது.

அப்போதுதான் நிலோஃபர் சிவப்பு சாக்பீஸை எடுத்து, சந்து முனையில் பட்டையாக ஒரு கோடு போட்டாள்.

"இது என்னடி?"

"மோரி மிஸ்."

மோரி என்றால் எங்கள் ஊரில் சாக்கடை. அந்த இடத்தில் மேல்கல் உடைந்து, வாய் திறந்து கிடந்தது. சின்னப் பிள்ளைகள் தாண்டிக் குதித்துத்தான் பள்ளிக்கு வருகிறார்களாம். யூ.கே.ஜி. பிள்ளைகளை அக்காக்கள் தூக்கித் தாண்ட வைக்கிறார்களாம். எனக்குத் தெரியாது. நான் ஆட்டோவில் மெயின் ரோடு வழியாக வருகிறவள்.

"நாளைக்கும் இருக்கற பொருளைத்தானே போடணும்?" என்றேன். "ரிப்பேர் பண்ணிட்டா?"

"ரெண்டு வருஷமா இருக்கு மிஸ்," என்றாள் நிலோஃபர். "நம்ம மேப்லயே அதுதான் ரொம்ப நாளா மாறாம இருக்கறது."

ஓட்டெடுப்பு நடந்தது. எதிர்ப்பு ஓட்டு ஒன்றுகூட இல்லை.

3. செக்ரட்டரியின் ஷூ

தசரா லீவு முடிந்து ஒரு நாள் காலையில் செக்ரட்டரி வந்தார். நான் அந்த வாரம் முழுக்கச் சரியாகத் தூங்கவில்லை. எங்கே மறுபடியும் யாராவது ஃபேனைக் காட்டிவிடுவார்களோ என்ற பயம். சார்ட், ஸ்பீச் எல்லாம் தயார் செய்யலாம் என்றேன். பிள்ளைகள் கேட்கவில்லை. அவர்கள் வேறு திட்டம் வைத்திருந்தார்கள்.

நிலோஃபர் அவரிடம் ஒரு பேப்பரைக் கொடுத்தாள். மைதான மேப்பைப் பார்த்து பென்சிலிலும் கலர் பென்சிலிலும் வரைந்தது.

"சார், இதைப் பார்த்து நீங்களே தபால் ஆபீஸுக்குப் போகணும். யாரையும் கேக்கக் கூடாது."

பிரஜ்வல் தன் டிபன் பாக்ஸைத் திறந்து நீட்டினான். "போனை இதுல போடுங்க சார். கழுவிட்டேன்."

வத்சலா மேடம் என் கையைக் கிள்ளினார். செக்ரட்டரி அந்த டிபன் பாக்ஸையும் பிரஜ்வலையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு போனை எடுத்து உள்ளே வைத்தார். நல்ல மனுஷன் என்று சொன்னேனே, சும்மா சொல்லவில்லை.

அவர் முன்னால். பின்னால் நானும், சாட்சிக்கு நிலோஃபரும் பிரஜ்வலும், பேசக்கூடாது என்பதற்காக வாயைக் கையால் பொத்திக்கொண்டு. கேட் வாசலில் அவர் மேப்பைத் திருப்பினார், மறுபடி திருப்பினார். சூரியனைப் பார்த்தார். இடது கையை லேசாக நீட்டினார். பிரஜ்வல் பொத்திய வாய்க்குள்ளேயே ஒரு சத்தம் போட்டான். மெட்ரோ பாலம் எந்தப் பக்கம் என்று கண்டுபிடித்து, சரியான திசையில் நடக்க ஆரம்பித்தார். எனக்கு அங்கேயே விசிலடிக்க வேண்டும்போல இருந்தது.

டெய்லர் கடை, மரம், தண்ணீர் டேங்க், எல்லாம் சரியாக வந்தன. சந்து முனையில் பேப்பரையே பார்த்துக்கொண்டு போனவர், அதில் இருந்த சிவப்புக் கோட்டைக் கூர்ந்து பார்த்தார். "இது என்ன?" என்று கேட்கத் திரும்பிக்கொண்டே ஓர் அடி எடுத்து வைத்தார்.

வலது கால் கணுக்கால் வரை உள்ளே போனது.

நானும் பிரஜ்வலும் பிடித்து இழுத்தோம். பாலிஷ் போட்ட ஷூ கறுப்புச் சேற்றோடு வெளியே வந்தது. போச்சு, ஐந்து பீரியடும் அந்த மோரியிலேயே போயிற்று என்று நினைத்தேன். நிலோஃபர் மட்டும் வாயிலிருந்து கையை எடுத்தாள்.

"மேப்ல போட்டிருக்கோம் சார். நீங்கதான் சரியா கவனிக்கல."

அவர் சேற்றுக்காலை உதறிக்கொண்டிருந்தார். அந்த நேரம் ஓர் அம்மா இடுப்பில் ஒரு குழந்தையும் கையில் ஒரு குழந்தையுமாக வந்து, பழகிய காலால் தாண்டிப் போனார். செக்ரட்டரி அதைப் பார்த்தார்.

"டெய்லி இப்படித்தான் வர்றீங்களா?"

"ஹவ் சார்," என்று வீட்டு உருதுவிலேயே ஆமாம் போட்டாள் நிலோஃபர்.

"நான் கார்ல வர்றேன்ம்மா. எனக்குத் தெரியவே தெரியாது." எனக்கு அந்தக் குரலில் என் குரல் கேட்டது. ஆட்டோவில் வருகிற எனக்கும் தெரியாதே.

தபால் ஆபீஸ் வரை போய்த்தான் திரும்பினார். ஷூ ஒவ்வோர் அடிக்கும் சதக் சதக் என்றது. பீரியட் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. டிபன் பாக்ஸிலிருந்து போனை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மேப்பையும் எடுத்துக்கொண்டார்.

மறுநாள் பாடம், "நம் ஊரை நடத்துபவர்கள்". வழக்கமாக அரை மணியில் வாசித்து முடித்துக் கேள்வி பதில் எழுதிப் போட்டுவிடுவேன். அந்த வருஷம் பிள்ளைகள் விடவில்லை. மோரியை யார் சரி செய்வது, அவருக்கு மேலே யார், எந்த பாஷையில் எழுத வேண்டும் என்று குடைந்தெடுத்தார்கள். வத்சலா மேடம் திருத்திக் கொடுக்க, கன்னடத்தில் ஒரு மனு தயாரானது. அதோடு புதிதாக வரைந்த மேப்பின் இன்னொரு நகலும். கையெழுத்துப் போட வரிசை நின்றது.

மனுவைப் பற்றிக் கேள்விப்பட்டு செக்ரட்டரி வந்தார். பள்ளி சார்பாகத் தன் கையெழுத்து முதலில் இருந்தால் வேலை நடக்கும் என்று பேனாவை எடுத்தார்.

"க்யூ சார்," என்றான் பிரஜ்வல்.

அவர் போய் முப்பத்திமூன்றாவது ஆளாக நின்றார். நான் முப்பத்திநான்காவது. எனக்குப் பின்னால் வத்சலா மேடம், முந்தானையால் வாயை மூடிச் சிரித்துக்கொண்டு.

வார்டு ஆபீஸுக்கு மூன்று தடவை நடந்தோம். மூன்றாவது தடவை, அந்த மேப்பை மேஜை மேல் விரித்துப் பார்த்த இன்ஜினியர், "யாரு வரைஞ்சது? கரெக்டா இருக்கே" என்றார். நிலோஃபர் அன்று முழுக்கத் தரையில் நடக்கவில்லை. அடுத்த வாரம் புதுக் கல் போட்டார்கள். இன்டர்வலில் 3-பி மொத்தமும் போய் அதன் மேல் ஏறி ஏறிக் குதித்தது. உடைத்துவிடுவார்களோ என்று எனக்குப் பயமாகிவிட்டது.

செக்ரட்டரியும் அன்றைக்கு நடந்தே வந்தார். நிலோஃபர் நேராக அவரிடம் போனாள்.

"சார், உங்ககிட்ட இருக்கற மேப் இப்போ தப்பு. குடுங்க, திருத்தித் தர்றோம்."

அவர் சட்டைப் பையிலிருந்து எடுத்தார். மடிப்பெல்லாம் நைந்திருந்தது. "எந்த பீரியட்ல திருத்துவீங்க?"

"சோஷியல் பீரியட்!" முப்பத்திரண்டு தொண்டைகள்.

அவர் வத்சலா மேடத்தைப் பார்த்தார். "அஞ்சும் இருக்கட்டும் மேடம். கம்ப்யூட்டருக்கு வேற இடம் பாத்துக்கலாம்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. இந்தத் தடவை பாத்ரூமுக்குப் போகவில்லை; பிள்ளைகள் முன்னாலேயே அழுதேன்.

இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். புதிதாக வேலைக்கு வரும் பெண்கள் போன் செய்து, சின்ன வகுப்புக்குச் சோஷியலில் என்ன சொல்லிக் கொடுப்பது என்று கேட்கிறார்கள். நான் எங்கே நிற்கிறேன், என் பக்கத்தில் யார் நடக்கிறார்கள், வழியில் இருக்கிற பள்ளத்தை யாரிடம் போய்ச் சொல்வது. எட்டு வயசுக்கு இவ்வளவு போதும் என்கிறேன். தலைநகரங்கள் எங்கேயும் ஓடிவிடாது, நான்காம் வகுப்பில் பார்த்துக்கொள்ளலாம்.

செக்ரட்டரி மேப்பைத் தந்த அன்று, அடுத்த பீரியடே அதைத் திருத்த உட்கார்ந்தோம். சிவப்புக் கோட்டை யார் அழிப்பது என்று அடிதடி. கடைசியில் வழக்கம்போல ஓட்டெடுத்து, ஆளுக்கு ஒரு தேய்ப்பு என்று முடிவாயிற்று. ஒருவர் விடாமல் வரிசையில் வந்து தேய்த்தார்கள். முப்பத்திரண்டாவதாக வந்தவன் பிரஜ்வல். அவன் தேய்த்த தேய்ப்பில் அந்த இடத்தில் பேப்பரே ஓட்டையாகிவிட்டது. அவன் அதன் வழியாக ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்தான்.

"மிஸ், மோரி மறுபடியும் தொறந்துகிச்சு!"