தேவகியக்கா தன் படத்தைப் பார்க்கப் போன நாள்

ஆவடிப் பக்கம் இருக்கும் உருவப்படக் கூடம் ஏழைகளின் முகத்தைச் சுவரில் மாட்டுகிறது, பெயரை மாட்டுவதில்லை. போய்ப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை. என்னோடு வந்தவர் தேவகியக்கா. பட்டாபிராம் ரயில் நிலையத்துக்கு வெளியே இட்லி விற்கிறார். போன வருடம் ஓர் ஓவியர் அவரை மூன்று மாலை உட்காரவைத்து வரைந்தார். அந்தப் படத்தைக் கூடத்தில் மாட்டியிருக்கிறார்கள் என்று தெரிந்ததும் அக்கா கடைக்கு லீவு விட்டுவிட்டார். பச்சையில் சரிகைக் கரை போட்ட புடவை. வரைய உட்காரவும் அதைத்தான் கட்டிக்கொண்டு போனாராம். கடைக்குக் கட்டுகிற பழம்புடவைதான் வேண்டும் என்று ஓவியர் திருப்பி அனுப்பிவிட்டார்.

"பேரு கேட்டு எழ்திகினாரு தம்பி. கீழ போட்டிருப்பாங்க. என் பேர நான் எந்த போர்டுலயும் பாத்ததில்ல."

காலை 10.20 மின்சார ரயில், டிக்கெட் ஐந்து ரூபாய். ஆவடி நிலையத்திலிருந்து கூடம் இரண்டு கிலோமீட்டர், ஷேர் ஆட்டோவுக்கு இருபது. டிரைவருக்கு அப்படி ஓர் இடம் இருப்பதே தெரியவில்லை.

"என் படம் மாட்டிகீறாங்கப்பா அங்க," என்றார் அக்கா.

"இன்னாக்கா, எலக்சன்ல நிக்கிறியா?"

அக்கா சிரித்த சிரிப்பில் ஆட்டோவே குலுங்கியது.

நுழைவுக் கட்டணம் இருபது ரூபாய். முதல் அறை முழுக்க முதலாளிகள், டாக்டர்கள்; பட்டம், பதவியோடு முழுப் பெயர்கள். ஒரு முதலாளியின் மடியில் நாய். பலகையில் அதன் பெயரும் இருந்தது: டைகர்.

கடைசி அறையில் அக்கா. வியர்வை, ஆவி, பழம்புடவை. கீழே 'இட்லி விற்கும் பெண்'. அவ்வளவுதான். அந்த அறையில் மற்றப் படங்களுக்குக் கீழேயும் தொழில்தான் இருந்தது, பெயர் இல்லை.

அக்கா பலகையைத் தொட்டுப் பார்க்கக் கையை நீட்டினார்.

"கோட்டத் தாண்டாதம்மா," என்றார் காவலாளி.

"என் மூஞ்சிதான்பா அது!"

அவர் படத்தைப் பார்த்தார். அக்காவின் சரிகைக் கரையைப் பார்த்தார். நம்பவில்லை.

நான் அக்காவை மேலாளர் அறைக்கு அழைத்துப்போனேன். அவர் பொறுமையாகத்தான் விளக்கினார். "அது ஓவியர் வச்ச தலைப்பும்மா. இது நீங்க ஒருத்தங்க இல்ல. உழைக்கிற எல்லாப் பெண்களும்."

"எல்லாரும் வந்து ஒக்காரலையே சார். நான்தான ஒக்காந்தேன், இடுப்பு உட்டுப்போச்சு. அப்ப அந்த நாயி? அது மட்டும் ஒரே நாயா?"

மேலாளர் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். அது அடிக்கவே இல்லை.

திரும்பும் ரயிலில் அக்கா புடவைக் கரையைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தார். இருக்கை காலியாக இருந்தும் என்னால் உட்கார முடியவில்லை.

போகிறவர்களுக்கு: திங்கள் விடுமுறை. பையை வாசலிலேயே வாங்கிக்கொள்வார்கள். பக்கத்தில் டீக்கடை இல்லை, தண்ணீர் குடித்துவிட்டுப் போங்கள். ஒரு மணி நேரம் போதும். படங்கள் நன்றாகவே இருக்கின்றன, அதுதான் ஆத்திரம். கடைசி அறையில் நின்று, இவர்களெல்லாம் யார் என்று சத்தமாகக் கேளுங்கள்.

நான் கூடத்துக்கு நான்கு முறை போன் செய்துவிட்டேன். யாரும் எடுக்கவில்லை. பலகையில் இடம் இருக்கிறது, பார்த்துவிட்டுத்தான் வந்தேன். மூன்றே எழுத்து, மேலாளர் சார். தேவகி. எப்போது எழுதுவீர்கள்?